பாய்மங்கள் பாடத்தை வீட்டு முற்றத்திலேயே சொல்லிக் கொடுப்பது எப்படி

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் பாய்மங்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊரில் அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் நான்கைந்து பேரும் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வருவார்கள். வாய்க்காலில் குதிக்கிற, கிணற்றில் நீச்சலடிக்கிற, மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போகிற பிள்ளைகள். ஆனால் பாடம் என்று வந்துவிட்டால் உந்துவிசை, அழுத்தம், மிதப்பு விசை என்று வரையறைகளைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள், "சரி, அது நம்ம கிணத்துல எங்கடா இருக்கு?" என்று கேட்டால் முழிப்பார்கள். அதனால் நான் வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் கை நனையட்டும், அப்புறம் சூத்திரம். பெற்றோர்களும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற அக்கா அண்ணன்மாரும் அப்படியே செய்து பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேண்டிய சாமான்கள்: இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று, மருந்துக் கடையில் ஊசி இல்லாமல் வாங்கிய 5 மில்லி, 20 மில்லி சிரிஞ்ச் ஒவ்வொன்று, அவற்றின் மூக்கில் இறுக்கமாக மாட்டுகிற மெல்லிய டியூப் ஒரு முழம் (மீன்தொட்டிக்குக் காற்று போகிற டியூப் பெரும்பாலும் பொருந்தும்), கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு, சில கண்ணாடி டம்ளர், புது முட்டை, கல் உப்பு, நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், சைக்கிள் பால்ரஸ் (சின்ன இரும்புக் குண்டு) நாலைந்து. தராசு இரவல் கிடைத்தால் போதும், வாங்கத் தேவையில்லை.

பாய்மம் என்றால் தண்ணீர் மட்டுமில்லை

பாய்வதால் பாய்மம். திரவமும் வாயுவும் இரண்டுமே அதில் அடக்கம். பிள்ளைகள் வாயுவை மறந்துவிடுகிறார்கள், தேர்விலும் அதை விட்டுவிடுகிறார்கள். எனவே முதல் வேலையாக 20 மில்லி சிரிஞ்சில் காற்றை இழுத்து, மூக்கை விரலால் அடைத்து, தண்டை அழுத்தச் சொல்லுங்கள். பாதி தூரம் உள்ளே போகும், விட்டால் துள்ளித் திரும்பி வரும். இப்போது தண்ணீரை நிரப்பி அதையே செய்யச் சொல்லுங்கள், எவ்வளவு அமுக்கினாலும் அசையாது. இரண்டும் பாயும், இரண்டுக்கும் தனி வடிவம் கிடையாது, வைத்த பாத்திரத்தின் வடிவம்தான். ஆனால் வாயுவை எளிதில் அமுக்கலாம், திரவத்தைக் கிட்டத்தட்ட அமுக்கவே முடியாது. ஒரு நிமிட வேலை. பின்னால் பாஸ்கல் விதி வரும்போது இது கைகொடுக்கும்.

அழுத்தத்தின் வரையறையை இங்கேயே முடித்துவிடலாம். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். தீட்டிய அரிவாள்மனையில் வெண்டைக்காய் சுளுவாக நறுங்குவதும், புத்தகப் பையின் பட்டை மெல்லிசாக இருந்தால் தோளை அறுப்பதும் அதனால்தான். இதில் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வருவதில்லை, தாண்டிப் போகலாம்.

முழுப் பாடத்துக்கும் ஒரே ஒரு சாவி

ஆழம் கூடினால் அழுத்தம் கூடும். அவ்வளவுதான். இந்த ஒரு வரி மனதில் சரியாகப் பதிந்துவிட்டால் அணை, மேல்நிலைத் தொட்டி, மிதப்பது, மூழ்குவது, மோட்டார் தண்ணீர் இழுப்பது எல்லாமே அதிலிருந்து கிளை பிரிவதைப் பிள்ளைகளே பார்த்துவிடுவார்கள். இது பதியாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகள் ஆழத்தையும் அளவையும் குழப்பிக்கொண்டுதான் பத்தாம் வகுப்புக்கே போகிறார்கள்.

அக்கா மகன் முதல் நாளே கேட்டான்: "சித்தி, குளத்துல தண்ணி நெறைய இருக்குல்லா? அப்ப நம்ம கிணத்தவிட குளத்து அடியிலதான அழுத்தம் ஜாஸ்தி?"

இல்லை. குளம் எத்தனை ஏக்கர் விரிந்து கிடந்தாலும் ஆழம் இரண்டு ஆள் உயரம் என்றால், அதன் அடியில் இருக்கிற அழுத்தம் இரண்டு ஆள் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். நாற்பது அடிக்குத் தண்ணீர் நிற்கிற கிணறு நாலு பாகம் (இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்) அகலமே இருந்தாலும் அதன் அடியில்தான் அழுத்தம் அதிகம். சூத்திரத்தைப் பாருங்கள், ஆழம் பெருக்கல் அடர்த்தி பெருக்கல் புவியீர்ப்பு முடுக்கம். அகலத்துக்கு அதில் இடமே இல்லை. ஒரு மீட்டர் ஆழத்துக்கு 1 × 1000 × 9.8, அதாவது 9,800 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) கூடுகிறது. பாபநாசம் அணையின் முழு நீர்மட்டத்தை 143 அடி என்று தினமும் செய்தியில் சொல்கிறார்களே, அது சுமார் 43.6 மீட்டர். அவ்வளவு ஆழத்தில் தண்ணீரால் மட்டும் வருகிற அழுத்தம் ஏறத்தாழ 4 லட்சத்து 27 ஆயிரம் பாஸ்கல். பக்கத்துச் சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி, இவற்றையும் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அணைச் சுவர் மேலே ஒடுங்கியும் அடியில் அகன்றும் ஏன் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கணக்கு முடிந்த கையோடு கேளுங்கள், பதில் தானாக வரும்.

அகலம் கணக்கில் வராது என்பதை நம்ப மறுக்கிற பிள்ளைக்கு வீடு கட்டுகிற இடத்தைக் காட்டுங்கள். கொத்தனார் உள்ளே தெரிகிற நீளமான ஒரு பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் பிடித்து, ஒரு முனையை இந்தத் தூணிலும் மறு முனையை அந்தத் தூணிலும் வைத்து மட்டம் குறிப்பார். டியூப் நடுவில் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையில் அகன்ற புனல் வைத்தாலும் அப்படியே. நீங்கள் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள், டியூபுக்குள் காற்றுக்குமிழ் ஒன்று சிக்கிக்கொண்டால்கூட மட்டம் தப்பிவிடும். கொத்தனார்கள் டியூபைத் தூக்கிப் பிடித்து விரலால் தட்டித் தட்டிக் குமிழை வெளியேற்றுவது அதற்குத்தான்.

ஓட்டைப் பாட்டில் சோதனையைச் சரியாகச் செய்வது

பாட்டிலில் மூன்று ஓட்டை போட்டு, அடி ஓட்டையிலிருந்து தண்ணீர் தூரமாகப் பாய்கிறது என்று காட்டுகிற சோதனை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைப் படத்தில் பார்த்தவர்கள்தான் அதிகம், செய்து பார்த்தவர்கள் குறைவு. பாட்டிலைத் தரையில் வைத்துச் செய்தால் படத்தில் இருக்கிறபடி வரவே வராது.

பாட்டிலில் 24 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர், அடியிலிருந்து 4, 12, 20 செ.மீ. உயரத்தில் ஓட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். தரையில் வைத்தால், கணக்குப்படி நடு ஓட்டைத் தண்ணீர் 24 செ.மீ. தூரம் போகும், மேல் ஓட்டையும் அடி ஓட்டையும் இரண்டுமே சுமார் 18 செ.மீ. தூரத்தில் ஒரே இடத்தில் விழும். முதல் தடவை இப்படித்தான் ஆகிப் பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். காரணம் இதுதான்: அடி ஓட்டைத் தண்ணீர் வேகமாகத்தான் வருகிறது, ஆனால் 4 செ.மீ. இறங்குவதற்குள் தரை வந்துவிடுகிறது, அதற்குப் பறக்க நேரமே கிடைப்பதில்லை. மேல் ஓட்டைத் தண்ணீர் மெதுவாக வந்தாலும் விழுவதற்கு நிறைய உயரம் இருக்கிறது.

ஆகவே பாட்டிலை ஒரு மீட்டர் உயரச் சுவரின் விளிம்பிலோ, கிணற்றடித் துவைகல்லின்மேல் ஒரு ஸ்டூல் போட்டு அதன் மேலோ வையுங்கள். இப்போது கணக்குப்படி மேலிருந்து கீழாக 44, 73, 91 செ.மீ. வரும். ஓட்டை விளிம்பில் உராய்வு இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும், ஆனால் வரிசை மாறாது. ஓட்டை மூன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒரே ஊசியைச் சூடு பண்ணிப் போட்டால் சரியாக வரும், அந்த வேலையைப் பெரியவர்கள் செய்துவிடுங்கள். மூடி திறந்தே இருக்கட்டும்.

அப்புறம் மூடியை இறுக்கி மூடச் சொல்லுங்கள். மூன்று ஓட்டையிலும் தண்ணீர் நின்றுவிடும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். நிற்காது. மேல் ஓட்டை வழியாகக் காற்று குமிழ் குமிழாக உள்ளே போக, அடி ஓட்டையில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். மேல் இரண்டு ஓட்டையையும் டேப் போட்டு அடைத்து ஒன்றை மட்டும் விட்டால் சட்டென்று நின்றுவிடும். எண்ணெய் டின்னில் எதிரெதிராக இரண்டு ஓட்டை போடுகிறோமே, அது எதற்கு என்று இந்த இடத்தில் கேளுங்கள்.

நம் தலைமேல் இருக்கிற காற்று

காற்றும் பாய்மம் என்பதால் அதற்கும் ஆழம் உண்டு. நாம் அதன் அடியில்தான் நடமாடுகிறோம். கடல் மட்டத்தில் அதன் அழுத்தம் 1,01,325 பாஸ்கல். உள்ளங்கையை 100 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன்மேல் ஏறத்தாழ நூறு கிலோ எடை உட்கார்ந்திருக்கிற மாதிரி. நசுங்காமல் இருப்பது, அதே அழுத்தம் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் உள்ளேயிருந்தும் தள்ளுவதால். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கெட்டி அட்டையை வைத்துக் கவிழ்த்துக் காட்டினால் சின்னப் பிள்ளைகூட ஒத்துக்கொள்ளும்.

இளநீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சும்போது நாம் இளநீரை இழுப்பதில்லை. வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறோம், வெளியே இருக்கிற காற்று இளநீரை மேலே தள்ளுகிறது. இதை நன்றாகப் புரிய வைத்தால் எங்கள் பக்கத்து விவசாயிகள் மோட்டாரை ஏன் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் மேடை கட்டி இறக்கி வைத்திருக்கிறார்கள் என்பது விளங்கும். மேலே வைத்து இழுக்கிற பம்பும் ஸ்ட்ரா மாதிரிதான், தண்ணீரைத் தூக்குவது வெளிக்காற்று. அந்தக் காற்றால் அதிகபட்சம் 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான் தண்ணீரைத் தாங்க முடியும், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வாங்கிப் போட்டாலும் அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட ஏறாது. நடைமுறையில் ஏழு எட்டு மீட்டரிலேயே திணற ஆரம்பித்துவிடும். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்க வேண்டி வருவது அதனால்தான். தண்ணீருக்குள்ளேயே முங்கிக் கிடக்கிற சப்மெர்சிபிள் கீழிருந்து தள்ளுகிறது, அதற்கு இந்த எல்லை கிடையாது.

இந்த 10.3 எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். இத்தாலிக்காரர் டாரிசெல்லி 1643ஆம் ஆண்டுவாக்கில் தண்ணீருக்குப் பதிலாகப் பாதரசத்தை வைத்துப் பார்த்தார், அது 76 செ.மீ. உயரத்தில் நின்றது. பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு அடர்த்தி. 76ஐ 13.6ஆல் பெருக்கினால் 1033.6 செ.மீ. காற்றழுத்தத்தை அளக்கிற பாரமானி பற்றிய ஒரு மதிப்பெண் கேள்வியும் நம் கிணற்று மோட்டாரும் ஒரே கணக்கு என்று தெரிந்தபோது பிள்ளைகள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். (பாதரசத்தை வீட்டில் தொடவே கூடாது, நஞ்சு. கணக்கு மட்டும் போதும்.)

வாளி ஏன் தண்ணீருக்குள் கனக்கவில்லை

கிணற்றில் இறைத்தவர்களுக்குத் தெரியும். நிறைந்த வாளி தண்ணீருக்குள் இருக்கிறவரை கயிறு லேசாக இருக்கும், வாளி மட்டத்தைத் தாண்டி வெளியே வருகிற அந்த நொடியில் தோளை இழுக்கும். இதுதான் ஆர்க்கிமிடிஸ் தத்துவம். சிராக்யூஸ் நகரத்தில் இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த அவர் சொன்னது: முங்கிய பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அந்தத் தண்ணீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தள்ளும். அதுதான் மிதப்பு விசை.

இதை மனப்பாடம் செய்ய விடாதீர்கள், நம் சாவியை வைத்தே திறக்கலாம். பத்து செ.மீ. பக்கம் உள்ள ஒரு கனசதுரக் கல் தண்ணீருக்குள் இருக்கிறது. அதன் மேல் முகம் 20 செ.மீ. ஆழத்தில், கீழ் முகம் 30 செ.மீ. ஆழத்தில். கீழே ஆழம் கூடுதல், அதனால் அழுத்தமும் கூடுதல். கூடுதல் எவ்வளவு? பத்து செ.மீ. தண்ணீருக்கு 980 பாஸ்கல். முகத்தின் பரப்பு 0.01 சதுர மீட்டர். பெருக்கினால் 9.8 நியூட்டன், அதாவது ஒரு கிலோ எடை. கல் இடம்பிடித்த தண்ணீர் எவ்வளவு? பத்துக்குப் பத்துக்குப் பத்து, ஆயிரம் கன செ.மீ., ஒரு லிட்டர், ஒரு கிலோ. இரண்டும் பொருந்திவிட்டது! கல்லை இன்னும் ஐந்து அடி ஆழத்துக்கு இறக்கினால் மிதப்பு விசை கூடுமா என்று உடனே கேளுங்கள். மேலேயும் கீழேயும் அழுத்தம் ஒரே அளவு கூடுவதால் வித்தியாசம் அதேதான், கூடாது. நிறையப் பேர் தவறவிடுகிற கேள்வி இது.

தராசு வைத்துப் பார்க்க, ஒரு கருங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் வாளித் தண்ணீரில் அடி தொடாமல் முக்கிக் குறியுங்கள். ஒரு கிலோ கல் என்றால் அறுநூற்றுச் சொச்சம் கிராம்தான் காட்டும். குறைந்த எடையும் வழிந்த தண்ணீரின் எடையும் சமம் என்று காட்ட, பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிப் பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஒரு ஸ்ட்ரா செருகிக்கொள்ளுங்கள். ஸ்ட்ராவிலிருந்து சொட்டு நிற்கிறவரை காத்திருந்து அப்புறம் கல்லை இறக்க வேண்டும். விளிம்பு வரை நிரப்பிய டம்ளரை வைத்துச் செய்தால் தண்ணீர் மேலே திரண்டு உப்பி நிற்கும், அந்தக் கணக்கு ஒத்துவராது.

மிதப்பதற்கு எவர்சில்வர் கும்பாவும் எவர்சில்வர் கரண்டியும் போதும். இரண்டும் ஒரே உலோகம். கரண்டி முங்கும், கும்பா மிதக்கும். கும்பா தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்குகிற அளவுக்கு அமிழ்ந்து அங்கேயே நின்றுகொள்கிறது. அதற்குள் புளியமுத்தை ஒவ்வொரு பிடியாகப் போட்டுப் போட்டு, எவ்வளவு அமிழ்கிறது என்று வெளியே பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். உவரியிலும் இடிந்தகரையிலும் நிற்கிற வள்ளங்களும் இப்படித்தான் பாரத்துக்குத் தக்கபடி அமிழ்கின்றன. கடல்நீர் ஒரு லிட்டர் சுமார் 1,025 கிராம் என்பதால் அதே படகு ஆற்றில் இருப்பதைவிடக் கடலில் கொஞ்சம் மேலே நிற்கும்.

முட்டைச் சோதனை எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கே தெரிந்தது. விதைநெல்லில் பதரைப் பிரிக்க, தண்ணீரில் ஒரு புது முட்டையைப் போட்டு, அது மேலே வந்து காசளவு வெளியே தெரிகிறவரை உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலில் விதையைக் கொட்டினால் பொக்கு மேலே வரும், மணி திரண்ட நெல் அடியில் தங்கும். தங்கியதை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் முளைகட்டப் போடுவார்கள். முட்டை இங்கே ஒரு திரவமானி, அதாவது திரவத்தின் அடர்த்தியைப் பார்க்கிற கருவி, வேறொன்றுமில்லை. தூத்துக்குடி உப்பளங்களில் பாத்திக்குப் பாத்தி டிகிரி பார்க்கிறார்களே, அதுவும் திரவமானிதான். அந்த டிகிரி சூடு இல்லை, அடர்த்தியின் அளவு. 25 டிகிரிவாக்கில் உப்பு இறங்க ஆரம்பிக்கும், அப்போது கரைசலின் ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) சுமார் 1.2. பால் சொசைட்டியில் மிதக்கவிடுகிற பால்மானியும் அதே குடும்பம். ஆனால் பால்மானியை மட்டும் நம்பினால் ஏமாறலாம், வெண்ணெய் எடுத்த பாலில் அளவாகத் தண்ணீர் கலந்தால் நல்ல பாலின் எண்ணையே காட்டிவிடும்.

வீட்டில் செய்யும்போது டம்ளரில் பாதி வரை கெட்டி உப்புக் கரைசல் ஊற்றி முட்டையை மிதக்கவிட்டு, மேலே கரண்டி வழியாக நல்ல தண்ணீரை மெதுமெதுவாக ஊற்றினால் முட்டை டம்ளரின் நடுவில் அந்தரத்தில் நிற்கும். நல்ல தண்ணீரிலேயே மிதக்கிற முட்டை பழசு, அதை வைத்துச் சோதனையும் செய்யாதீர்கள், சமைக்கவும் செய்யாதீர்கள்.

பாஸ்கலும் ஜேசிபியும்

இரண்டு சிரிஞ்சையும் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் முக்கி வைத்தே டியூபால் இணையுங்கள், காற்று புகாது. சின்ன சிரிஞ்சை நீங்கள் அமுக்குங்கள், பெரியதைப் பலசாலிப் பையன் ஒருவன் கட்டை விரலால் தடுத்துப் பிடிக்கட்டும். நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். அடைபட்ட திரவத்தில் ஒரு இடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் போய்ச் சேருகிறது, பரப்பு பெரிதாக இருக்கிற இடத்தில் விசை பெரிதாகிறது. உள் விட்டத்தை அளந்து பாருங்கள். 12 மி.மீ., 20 மி.மீ. என்று இருந்தால் பரப்பின் விகிதம் 144க்கு 400, சுமார் 2.8 மடங்கு. சும்மா கிடைக்கிறதா என்றால் இல்லை, சின்னதை 28 மி.மீ. தள்ளினால் பெரியது 10 மி.மீ.தான் நகரும். தெருவில் பள்ளம் தோண்டுகிற ஜேசிபியின் கையில் பளபளவென்று நீண்டு சுருங்குகிற தண்டுகளையும், மண் கொட்டுகிற டிப்பரின் அடியில் எழும்புகிற தண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறகு டியூபுக்குள் வேண்டுமென்றே காற்றை விட்டு அமுக்கிப் பாருங்கள், சவசவவென்று இருக்கும். கார் பிரேக்கில் காற்று ஏறிவிட்டால் ஏன் ஆபத்து என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கெட்டி என்ற ஒரு சொல் செய்கிற குழப்பம்

பாகுநிலை என்ற பெயரே பாகிலிருந்து வந்ததுதான். எங்கள் பக்கம் தேரிக்காட்டில் பதநீர் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் மாதிரி இருக்கிற பதநீர் கொதித்துச் சுண்டச் சுண்ட, துடுப்பைக் கிண்டுகிற கைக்கு வேலை கூடிக்கொண்டே போகும். கோதுமைப் பாலை வைத்து அல்வா கிண்டுகிறவருக்கும் அப்படித்தான். பாய்மத்தின் ஒரு அடுக்கு பக்கத்து அடுக்கை நகரவிடாமல் பிடித்து இழுப்பதைத்தான் பாகியல் விசை என்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், நாம் பாகையும் "கெட்டி" என்கிறோம், உப்புக் கரைசலையும் "கெட்டி" என்கிறோம். பாகுநிலையும் அடர்த்தியும் ஒன்று என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் விளக்கெண்ணெயை ஊற்றுங்கள். ஊற்றும்போது கம்பியாக இறங்குகிற அவ்வளவு கெட்டியான எண்ணெய் தண்ணீருக்கு மேலேதான் மிதக்கும். பாகுநிலை தண்ணீரைவிடப் பல நூறு மடங்கு, அடர்த்தியோ தண்ணீரைவிடக் குறைவு. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை இரண்டையும் பிறகு குழப்பாது. தண்ணீர், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஒரே உயரத்துக்கு மூன்று டம்ளரில் ஊற்றி பால்ரஸைப் போட்டு நேரம் பாருங்கள். விளக்கெண்ணெயைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு மறுபடியும் போட்டால் வேகமாக இறங்கும். திரவத்துக்குச் சூடு ஏறினால் பாகுநிலை குறையும், வாயுவுக்கு நேர்மாறாகக் கூடும்.

திரவத்தின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி நடந்துகொள்கிற பரப்பு இழுவிசைக்கு நேரம் குறைவாகவே போதும். தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூளைத் தூவி நடுவில் சோப்பு தொட்ட விரலை வைத்தால் தூள் ஓரத்துக்கு ஓடும். சேம்பு இலையில் தண்ணீர் முத்தாக உருள்வதையும் காட்டலாம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும், சுவரில் அடியிலிருந்து ஓதம் ஏறுவதும் நுண்புழை ஏற்றம், அதாவது மிக மெல்லிய இடைவெளி வழியாகத் திரவம் தானாக மேலேறுவது.

ஓடுகிற தண்ணீர் பற்றி ஒன்று

இது பாடப்புத்தகத்தில் இந்த வகுப்பில் இல்லை, ஆனாலும் நான் சொல்லாமல் விடுவதில்லை. தாமிரபரணிக் கரையில் வளர்கிற பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். ஓடுகிற தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவுதானே என்று இறங்கக் கூடாது. 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்து, தாமிரபரணியும் கரை தாண்டி ஓடியபோது, ஆழம் குறைவான தெருக்களில்கூட ஆட்களால் நிற்க முடியவில்லை. இழுத்தது அதன் வேகம். இந்தச் சோதனைகள் எதையும் ஆற்றிலோ அணைப் பக்கமோ செய்யாதீர்கள், வாளியும் டம்ளரும் போதும்.

தேர்வுக்குக் கணக்கு போடும்போது

பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது கருத்தில் இல்லை, அலகில்தான். ஆழத்தைச் செ.மீ.யிலேயே விட்டுவிடுவார்கள். சதுர செ.மீ.யைச் சதுர மீட்டராக்க நூறால் வகுத்துவிடுவார்கள், பத்தாயிரத்தால் வகுக்க வேண்டும். அடர்த்தியை ஒரு கன செ.மீ.க்கு இத்தனை கிராம் என்று கொடுத்திருந்தால் ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஒப்படர்த்திக்கு அலகே கிடையாது. "மொத்த அழுத்தம்" என்று கேட்டிருந்தால் வளிமண்டல அழுத்தத்தையும் கூட்ட வேண்டும், "திரவத்தால் ஏற்படும் அழுத்தம்" என்றால் கூட்டக் கூடாது. கேள்வியில் அந்தச் சொல்லின்கீழ் கோடு போட்டுவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் உப்புத் தண்ணீரைச் செடி வேரில் கொட்டிவிடாமல் சாக்கடையில் ஊற்றுங்கள். எண்ணெயை வடிகட்டி விளக்குக்கு வைத்துக்கொள்ளலாம். பால்ரஸைத் துடைத்து அதே எண்ணெயில் ஒரு சொட்டு தடவி வைத்தால் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்குத் துருப்பிடிக்காமல் இருக்கும்.